109 டாலருக்கு ஒரு முகவரி: டாக்ஸிங்குக்கு எதிரான அமெரிக்க மாநிலச் சட்டங்கள்

1999-இல், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தில், பள்ளி நாட்களில் பார்த்த ஒரு பெண்ணையே நினைத்துக்கொண்டு ஒருவன் ஆண்டுக்கணக்கில் கிடந்தான். அவளுக்கும் அவனுக்கும் எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லை. அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இணையத்தில் ஆட்களைப் பற்றிய தகவல் விற்கும் ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டினான். முதலில் பிறந்த தேதி கேட்டான். பிறகு அவளுடைய சமூகப் பாதுகாப்பு எண்ணை வாங்கினான். கடைசியில் வேலை செய்யும் இடம். அந்தத் தகவலுக்காக நிறுவனம் அமர்த்திய ஒரு பெண், தான் யார் என்பதில் பொய் சொல்லி, நேராக அவளுக்கே போன் போட்டு விவரத்தைக் கறந்துவிட்டாள். கட்டணம் 109 டாலர். அந்த அக்டோபரில், வேலை முடிந்து வெளியே வந்த பெண்ணை அவன் சுட்டுக் கொன்றான். தானும் சுட்டுக்கொண்டு செத்தான். என்ன செய்யப்போகிறான் என்பதை அவன் தன் வலைப்பக்கத்தில் முன்பே எழுதி வைத்திருந்தான்.

பெண்ணின் குடும்பம் அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 2003-இல் நியூ ஹாம்ப்ஷர் உச்ச நீதிமன்றம் சொன்னதில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒருவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பது தெருவில் போகிற யாரும் பார்க்கக்கூடியது, ஆகவே அதை அந்தரங்கம் என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் அந்தத் தகவலை முன்பின் தெரியாத ஒருவனுக்கு விற்கும்போது, அதனால் என்ன தீங்கு வரக்கூடும் என்று யோசிக்கும் கடமை விற்பவனுக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. தகவல் ரகசியம் அல்ல; ஆனாலும் அதைக் கைமாற்றுவதில் பொறுப்பு இருக்கிறது. டாக்ஸிங் பற்றிய அமெரிக்க மாநிலச் சட்டங்கள் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகலான இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கின்றன.

டாக்ஸிங் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்களுக்கு: ஒருவருடைய வீட்டு முகவரி, போன் எண், வேலை இடம், பிள்ளைகள் படிக்கும் பள்ளி போன்ற விவரங்களை, அவருக்கு எதிராக ஆட்களைத் திரட்டும் நோக்கத்தோடு இணையத்தில் போட்டுவிடுவது. ஆவணங்கள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கமான 'டாக்ஸ்' என்பதிலிருந்து 1990-களின் ஹேக்கர் வட்டாரத்தில் பிறந்த பேச்சு இது. புனைபெயரில் எழுதும் எதிரியின் நிஜப் பெயரை அம்பலப்படுத்துவதுதான் அன்று பழிவாங்கும் வழி. இன்று புனைபெயருக்கே அவசியம் இல்லை. யாருடைய கருத்து பிடிக்கவில்லையோ அவருடைய வாசற்படி வரைக்கும் ஒரு கும்பலுக்கு வழி காட்டிவிடுவது என்ற பொருளுக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்திருக்கிறது.

இதில் குழப்பம் எங்கே வருகிறது என்றால், அமெரிக்காவில் ஒருவருடைய முகவரியைக் கண்டுபிடிக்கத் திருட வேண்டிய தேவையே இல்லை. வீடு வாங்கினால், நம் ஊர் மாவட்டம் போன்ற கவுண்டியின் அலுவலகத்தில் உள்ள சொத்துப் பதிவில் பெயர் ஏறும். பல கவுண்டிகளில் அதை யாரும் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். வாக்காளர் பட்டியலைப் பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வகையில் பெற முடியும். நீதிமன்ற வழக்கு விவரங்களும் திறந்தே கிடக்கின்றன. தமிழ்நாட்டிலும் வாக்காளர் பட்டியல் பெயர், வயது, கதவு எண்ணோடு தேர்தல் அதிகாரியின் தளத்தில் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். உண்மைதான். அமெரிக்காவில் கூடுதலாக இருப்பது ஒரு பெரிய வியாபாரம்: சிதறிக் கிடக்கும் இந்தப் பதிவுகளையெல்லாம் அள்ளி, ஒரே பெயருக்குக் கீழே கோத்து, பழைய முகவரி, புது முகவரி, உறவினர் பெயர், வயது என்று சில டாலருக்கு விற்கும் ஆள்தேடும் தளங்கள்.

இந்தப் பிரச்சினை இணையத்தோடு பிறந்ததும் அல்ல. 1989 ஜூலையில் ரெபெக்கா ஷாஃபர் என்ற இளம் நடிகை லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் அவரை மூன்று ஆண்டுகளாகப் பின்தொடர்ந்த ரசிகன். ஒரு தனியார் துப்பறிவாளர் மூலம், நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகம் போன்ற கலிபோர்னியாவின் மோட்டார் வாகனத் துறையிலிருந்து முகவரியை எடுத்திருந்தான். அதைத் தொடர்ந்து கலிபோர்னியா 1990-இல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இயற்றிய முதல் மாநிலம் அது. ஓட்டுநர் உரிமப் பதிவுகளில் உள்ள விவரங்களைக் கண்டவருக்கும் கொடுக்கக் கூடாது என்று 1994-இல் மத்திய அரசும் சட்டம் போட்டது.

அதே காலத்தில் வாஷிங்டன் மாநிலம் வேறு விதமாக யோசித்தது. 1991-இல் அது தொடங்கிய திட்டத்தின்படி, அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி ஓடிவந்த ஒரு பெண்ணுக்கு மாநிலமே ஒரு மாற்று முகவரி கொடுக்கும். வாக்காளர் அட்டை, பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அந்த முகவரிதான் இருக்கும். அங்கே வரும் கடிதங்களை அரசு ஊழியர்கள் அவருடைய நிஜ வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். பிறகு பெரும்பாலான மாநிலங்கள் இதைப் பின்பற்றின. யாரையும் தண்டிக்காமல், யாருடைய பேச்சையும் தடுக்காமல், ஆபத்தில் இருப்பவரை மறைத்து வைக்கும் ஏற்பாடு. டாக்ஸிங் பற்றிய விவாதங்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் நான் அறிந்த வரையில் மனசாட்சிக்கு உறுத்தல் இல்லாமல் ஆதரிக்கக்கூடிய சட்டம் இதுவே.

மிரட்டல் என்பது எது?

ஒரு பட்டியலே மிரட்டலாக முடியுமா என்ற கேள்வியை அமெரிக்க நீதிமன்றங்கள் மிகத் தீவிரமாக எதிர்கொண்டது கருக்கலைப்பு மருத்துவர்கள் வழக்கில். 1993 மார்ச்சில் புளோரிடாவின் பென்சகோலாவில் டேவிட் கன் என்ற மருத்துவர் கொல்லப்பட்டார். அதற்கு முன் அவர் படத்தோடு, தேடப்படும் குற்றவாளிகளுக்கு ஒட்டுவது போன்ற போஸ்டர்கள் வெளியாகியிருந்தன. இன்னும் இரண்டு மருத்துவர்களுக்கும் அப்படியே: முதலில் போஸ்டர், பிறகு கொலை. 1995-இல் ஒரு கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்பு பல மருத்துவர்களின் பெயர், முகவரியோடு புதிய போஸ்டர் வெளியிட்டது. 1997-இல் இணையத்தில் ஒரு பட்டியல் வந்தது. அதில் வேலையில் இருக்கும் மருத்துவர்களின் பெயர்கள் கறுப்பு எழுத்தில் இருந்தன. காயம்பட்டவர்களின் பெயர்கள் சாம்பல் நிறத்தில். கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் மேல் ஒரு கோடு.

அந்தப் பக்கத்தில் "கொல்லுங்கள்" என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. "உன்னைக் கொல்வேன்" என்றும் இல்லை. ஆனால் பெயர் வந்தவர்கள் குண்டு துளைக்காத அங்கி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். 1999-இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் ஜூரி 10 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு விதித்தது. மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் அதைத் தள்ளுபடி செய்தார்கள். பிறகு பதினோரு நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு 2002-இல் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில், அது மிரட்டல்தான் என்று தீர்ப்பளித்தது. (நஷ்டஈட்டுத் தொகையை மட்டும் மறுபடி பார்க்கச் சொன்னது.) போஸ்டரில் உள்ள சொற்களை மட்டும் படித்தால் போதாது, போஸ்டர் வந்தவர்கள் கொல்லப்பட்ட வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது பெரும்பான்மையின் வாதம். பிறர் செய்த கொலைகளை வைத்து, கையில் ஆயுதம் எடுக்காத ஒருவரின் அரசியல் பேச்சைத் தண்டிக்கலாமா என்று எதிர்த்தரப்பு நீதிபதிகள் கேட்டார்கள்.

நான் பெரும்பான்மையின் பக்கம். சூழ்நிலையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சொல்லை மட்டும் எடைபோட்டால், நடுங்க வைக்கத் தெரிந்தவன் எப்போதும் தப்பிவிடுவான். "உன் பொண்ணு மஞ்சள் வேன்லதானே ஸ்கூலுக்குப் போகுது?" என்று ஒருவன் கேட்டால், அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. கேட்ட தகப்பனுக்கு அன்று இரவு தூக்கம் வருமா? ஆனாலும் அந்த ஐந்து நீதிபதிகளின் கவலையையும் நான் ஒதுக்கிவிடவில்லை. அது ஏன் என்பது அடுத்து வந்த வழக்குகளைப் பார்த்தால் தெரியும்.

2002-இல் வாஷிங்டன் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: போலீஸ்காரர்கள், நீதிமன்ற ஊழியர்கள் போன்றோரின் வீட்டு முகவரி, போன் எண் முதலியவற்றைத் தீங்கு செய்யும் அல்லது மிரட்டும் நோக்கத்தோடு வெளியிடக் கூடாது. போலீஸை விமர்சித்து ஒரு தளம் நடத்திய ஒருவர் வழக்குப் போட்டார். 2003-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. அவர் போட்டதெல்லாம் சட்டப்படி கிடைத்த, உண்மையான, பொதுப் பதிவுகளில் உள்ள தகவல். அதையே பத்திரிகை போட்டால் குற்றமில்லை, போலீஸைப் பிடிக்காதவர் போட்டால் குற்றம் என்றால், அரசு தண்டிப்பது அவருடைய மனதில் உள்ளதை என்றாகிவிடும். 2010-இல் புளோரிடாவிலும் இதே கதை. ஒரு போலீஸ் அதிகாரியை விமர்சித்தவர் கூடவே அவருடைய முகவரியையும் இணையத்தில் போட்டார், கைதானார், நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது.

2016-இல் கலிபோர்னியாவில் துப்பாக்கிக் குண்டு வாங்குவோரின் விவரங்களை அரசு சேகரிக்கும் சட்டம் நிறைவேறியது. கோபப்பட்ட ஒருவர், அதற்கு ஆதரவாக வாக்களித்த 40 உறுப்பினர்களின் வீட்டு முகவரி, போன் எண்களைப் பட்டியலாகத் தன் வலைப்பூவில் போட்டார். எங்கள் விவரத்தை நீங்கள் வைத்துக்கொண்டால் உங்கள் விவரத்தை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்பது வாதம். அதை நீக்கச் சொல்லி சட்டமன்றத்தின் சட்ட அலுவலகம் அறிவிப்பு அனுப்பியது. 2017-இல் நீதிமன்றம் வலைப்பூக்காரருக்கு ஆதரவாக இடைக்காலத் தடை கொடுத்தது. உறுப்பினர்களில் சிலருக்கு மிரட்டல் போன்களும் வந்திருந்தன. அப்படியிருந்தும், பொதுப் பதிவில் உள்ளதை அரசியல் விவாதத்தின் பகுதியாகச் சொல்வதை அரசு தடுக்க முடியாது என்பது தீர்ப்பு.

பேச்சுரிமையைக் காக்கும், அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் இப்படிக் குறுக்கே நிற்பதால், மாநிலங்கள் சட்டத்தின் எடையை முழுவதும் நோக்கத்தின் மேலும் விளைவின் மேலும் வைக்க வேண்டியதாயிற்று. 2023 ஜூனில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இதையே வலியுறுத்தியது. கொலராடோவில் ஒரு பாடகிக்கு முன்பின் தெரியாத ஒருவர் ஃபேஸ்புக்கில் நூற்றுக்கணக்கான செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் கணக்கை முடக்க, இவர் புதுக் கணக்கு திறக்க, ஆண்டுக்கணக்கில் இது நீடித்தது. பாடகி பயந்து நிகழ்ச்சிகளை ரத்து செய்தார். மாநில நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தத் தண்டனையை நீக்கியது. பெற்றவர் பயந்தார் என்பது மட்டும் போதாது; தன் செய்தி மிரட்டலாகப் படும் என்ற வாய்ப்பு தெரிந்தும் அனுப்பியவர் அதை அலட்சியம் செய்தார் என்றாவது அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. சட்டமாகப் பார்த்தால் இது நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்தப் பாடகியின் இடத்தில் நின்று பார்த்தால் மனம் ஒப்பவில்லை.

சட்டங்கள் சொல்வது

கலிபோர்னியா முன்னோடி. 2009 முதல் அங்கே நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டத்தின் 653.2-ஆம் பிரிவின்படி, ஒருவரைப் பயத்துக்கு உள்ளாக்கும் நோக்கத்தோடு, மூன்றாம் ஆட்கள் அவருக்குத் தொல்லை தரும்படி அவருடைய விவரங்களை மின்னணு வழியில் பரப்பினால் ஓராண்டு வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். பிறகு பத்தாண்டுக்கு மேல் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2021-இல் வெள்ளம் திறந்தது போலச் சட்டங்கள் வந்தன. கோவிட் காலத்துச் சுகாதார அதிகாரிகள், 2020 தேர்தல் ஊழியர்கள், தெருப் போராட்டங்களில் இரு தரப்பினர் என்று பலருடைய வீட்டு முகவரிகள் இணையத்தில் பறந்த காலம் அது.

எந்தப் பக்கத்து அரசியலிலிருந்து சட்டம் வந்தது என்பதை அதன் சாயலிலேயே பார்க்கலாம். குடியரசுக் கட்சி ஆண்ட புளோரிடாவில் கலவரத் தடுப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக, 'வெளியீட்டின் மூலம் இணைய மிரட்டல்' என்ற பெயரிலேயே ஒரு குற்றம் உருவானது. 2021 ஏப்ரலில் ஆளுநர் டிசாண்டிஸ் கையெழுத்திட்டார். ஓராண்டு வரை சிறை. ஜனநாயகக் கட்சி ஆண்ட கொலராடோ அதே ஆண்டு சுகாதாரப் பணியாளர்களையும், அடுத்த ஆண்டு தேர்தல் பணியாளர்களையும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு முகாம்களும் ஒரே நோயைக் கண்டிருக்கின்றன. தத்தம் நோயாளிகளை மட்டும் பார்த்திருக்கின்றன.

டெக்ஸாஸ் சட்டம் 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு முகவரியையோ போன் எண்ணையோ, அவருக்கு அல்லது குடும்பத்துக்குத் தீங்கு அல்லது தீங்கின் அச்சுறுத்தல் வரவேண்டும் என்ற நோக்கத்தோடு இணையத்தில் போட்டால் 180 நாள் வரை சிறை. அதனால் உடல் காயம் ஏற்பட்டால் ஓராண்டு வரை. தெளிவாக, சுருக்கமாக எழுதப்பட்ட சட்டம். ஆனால் கவனியுங்கள், வேலை செய்யும் இடம் அதில் இல்லை. நியூ ஹாம்ப்ஷர் பெண்ணைக் கொல்ல வழிகாட்டிய அந்த 109 டாலர் தகவலை ஒருவன் டெக்ஸாஸில் இன்று பொதுவில் போட்டால், இந்தப் பிரிவு அவனைத் தொடாது.

ஓரிகன், நெவாடா, வாஷிங்டன், இல்லினாய் ஆகியவை வேறு பாதையைப் பிடித்தன. போலீஸை எதிர்பார்க்காமல், பாதிக்கப்பட்டவரே சிவில் வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம். எனக்கு இந்தப் பாதை பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. மிரட்டலுக்கு ஆளான பெண் காவல் நிலையத்துக்குப் போனால், "போஸ்டில் அப்படி ஒன்றும் தப்பாக இல்லையே, பிளாக் பண்ணிவிடுங்கள்" என்று திருப்பி அனுப்புவது அங்கேயும் நடக்கிறது. இல்லினாய் சட்டம் (2024 ஜனவரி 1 முதல்) பயத்தை மட்டும் அளவுகோலாக வைக்கவில்லை. வீடு மாற வேண்டி வந்ததா, வேலை போனதா, அன்றாட வாழ்க்கை தலைகீழானதா என்று பார்க்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் உண்மையில் இழப்பது இவற்றைத்தான். குற்றத்தை அதிகாரிகளிடம் தெரிவிப்பது, செய்தி வெளியிடுவது போன்றவற்றுக்கு விலக்கும் கொடுக்கிறது.

வாஷிங்டனின் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. தகவல் ஏற்கனவே வெளியில் உள்ளது, தேடினால் கிடைக்கக்கூடியது, பாதிக்கப்பட்டவரே முன்பு கொடுத்தது என்பதெல்லாம் தப்பிக்கும் வாதமாகாது என்கிறது அந்த வரி. ஒரு மீறலுக்கு 5,000 டாலர் கேட்கலாம். எந்த மாநிலத்தின் சட்டம் 2003-இல் "இதெல்லாம் பொதுத் தகவல்" என்று அடிபட்டதோ, அதே மாநிலம் இருபது ஆண்டுக்குப் பிறகு அந்த வாதத்தையே நேராக எதிர்கொண்டிருக்கிறது. கலிபோர்னியாவும் 2025 தொடக்கத்திலிருந்து சிவில் வழக்குக்கு வழி செய்து, 1,500 முதல் 30,000 டாலர் வரை சட்டப்படியான நஷ்டஈட்டை வைத்திருக்கிறது.

சிவில் பாதை எப்படித் திரும்பலாம் என்பதற்கு ஓரிகனிலேயே ஓர் உதாரணம் உண்டு. நியூபெர்க் என்ற ஊரின் பள்ளி வாரியம் 2021-இல் கறுப்பின மக்களுக்கும் தன்பாலினத்தவருக்கும் ஆதரவான கொடிகளைப் பள்ளிகளில் தடை செய்தபோது ஊரே இரண்டுபட்டது. வாரிய உறுப்பினர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று எதிர்த்தவர்கள் ஒரு ஃபேஸ்புக் குழுவில் எழுதினார்கள். உறுப்பினர்கள் டாக்ஸிங் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கு நிற்காது என்று சொல்லிவிட்டது. பொதுப் பதவியில் இருப்பவர்களைப் பற்றி ஊர்க்காரர்கள் பேசுவதற்குள் இந்தச் சட்டம் நுழையக் கூடாது என்பதுதான் அதன் பலன். சரிதான். ஆனால் தீர்ப்பு வரும்வரை வக்கீல் வைத்து அலைந்தவர்கள் சாதாரண மக்கள்.

நீதிபதி வீட்டுக் கதவு

2020 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை. நியூ ஜெர்சியில் கூட்டாட்சி நீதிபதி எஸ்தர் சலாஸின் வீட்டு மணி அடித்தது. பார்சல் கொண்டுவந்தவர் போல நின்றவன் ஒரு வழக்கறிஞர். சலாஸின் நீதிமன்றத்தில் வழக்காடியவன். கதவைத் திறந்த மகன் டேனியலைச் சுட்டுக் கொன்றான், கணவர் படுகாயமடைந்தார். டேனியலுக்கு அப்போதுதான் 20 வயது ஆகியிருந்தது. வீட்டு முகவரியோடு, நீதிபதி பற்றிய பல விவரங்களையும் அவன் திரட்டி வைத்திருந்தான்.

அந்த ஆண்டு நவம்பரிலேயே நியூ ஜெர்சி 'டேனியல் சட்டம்' நிறைவேற்றியது. நீதிபதி, அரசு வழக்கறிஞர், போலீஸ் ஆகியோர் எழுத்தில் கேட்டால் பத்து வேலை நாளுக்குள் முகவரியையும் போன் எண்ணையும் நீக்க வேண்டும்; இல்லையென்றால் மீறல் ஒன்றுக்கு குறைந்தது 1,000 டாலர். 2022 டிசம்பரில் கூட்டாட்சி நீதிபதிகளுக்காக மத்திய அரசும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெற்ற பிள்ளையை வாசலில் பறிகொடுத்த ஒரு தாய், துக்கத்தோடு துக்கமாக நாடாளுமன்றம் வரை போய்ப் பேசி வாங்கிய சட்டம். அதைப் பற்றிக் குறை சொல்லக் கைவரவில்லை.

ஆனாலும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சட்டத்தில் நோக்கம் பற்றிய கேள்வியே இல்லை; நீக்கச் சொன்ன பிறகு நீக்கவில்லை என்றால் போதும். நியூ பிரன்ஸ்விக் நகரின் போலீஸ் இயக்குநர், வேலை பார்க்கும் ஊரிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத் தொலைவில் வாக்காளராகப் பதிந்திருக்கிறார் என்பதை உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் கண்டுபிடித்தார். தெருப் பெயரை அவருக்குக் கொடுத்ததே ஓர் அரசு அலுவலகம், தகவல் கேட்பு மனுவுக்குப் பதிலாக. ஆனால் அதை வெளியிட்டால் வழக்கு வரும் என்ற எச்சரிக்கை வந்தது. 2025 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தின் பக்கம் நின்றது: எந்த ஊரில் இருக்கிறார் என்று எழுதலாம், அதற்குத் தெருவும் கதவு எண்ணும் தேவையில்லை என்றது. எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஒரு போலீஸ் இயக்குநருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, முன்னாள் கணவனுக்குப் பயந்து பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டுக்கொண்டு வாழும் ஒரு நர்சுக்கு ஏன் இல்லை என்ற கேள்விதான் என்னை விடுவதில்லை. அவள் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும், பயத்தை நிரூபிக்க வேண்டும், வக்கீலுக்குப் பணம் தேட வேண்டும். பதவியில் உள்ளவர் ஒரு கடிதம் எழுதினால் போதும்.

அந்தக் கடிதங்களுக்கும் நிறுவனங்கள் எளிதில் பணியவில்லை. சுமார் 19,000 பேரின் சார்பாக 2024-இல் நூற்றுக்கும் மேற்பட்ட தகவல் வியாபார நிறுவனங்கள் மேல் நியூ ஜெர்சியில் வழக்குகள் பதிவாயின. தங்கள் பேச்சுரிமை பறிபோகிறது என்பது அந்த நிறுவனங்கள் எடுத்துவைத்த வாதம். 2025 ஜூன் 14 அதிகாலையில் மினசோட்டாவில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மெலிசா ஹோர்ட்மனும் அவர் கணவரும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செனட்டர் ஜான் ஹாஃப்மனும் மனைவியும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். கைதானவரின் குறிப்பேடுகளில் பல ஆள்தேடும் தளங்களின் பெயர்கள் எழுதியிருந்ததாக விசாரணை அதிகாரிகள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணம் சொல்கிறது.

முகவரி தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017 டிசம்பரில், 'கால் ஆஃப் டூட்டி' விளையாட்டில் ஒன்றரை டாலர் பந்தயத்தில் தொடங்கிய சண்டையில், ஒருவன் எதிராளிக்குத் தன்னுடைய பழைய முகவரியைச் சவாலாகக் கொடுத்தான். எதிராளி கேட்டுக்கொண்டதால் கலிபோர்னியாவிலிருந்து இன்னொருவன் கான்சஸ் மாநிலத்தின் விச்சிடா போலீஸுக்குப் போன் செய்து, அந்த முகவரியில் கொலை நடந்திருக்கிறது, ஆட்கள் பிணைக்கைதிகளாக இருக்கிறார்கள் என்று கதை கட்டினான். ஸ்வாட்டிங் என்று இதற்குப் பெயர். போலீஸ் சூழ்ந்தது. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தவர் 28 வயது இளைஞர். அந்த விளையாட்டுக்கும் சண்டைக்கும் சம்பந்தமே இல்லாதவர். போலீஸ்காரர் ஒருவரின் குண்டுக்குச் செத்தார். போன் செய்தவனுக்கு 20 ஆண்டு சிறை. கான்சஸ் 2018-இல் இதற்கென்று தண்டனையைக் கூட்டியது. 2013-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரைக் குற்றவாளி என்று இணையத்தார் கைகாட்டிய கதையும் இதே ரகம்தான். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வசை வந்து குவிந்தது. அவர் உடல் பின்னர் ஆற்றில் கிடைத்தது. மேலே சொன்ன சட்டங்களில் பெரும்பாலானவை, யாரைக் குறிவைத்தார்களோ அவருடைய விவரத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. தவறான வீட்டில் இருந்தவர் எந்தப் பிரிவில் வருவார் என்பது பல மாநிலங்களில் வழக்கறிஞரின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது.

போட்டவனைப் பிடிப்பதும் சுலபமல்ல. 1996-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்றின் 230-ஆம் பிரிவு, பயனர்கள் எழுதுவதற்குத் தளங்களைப் பொறுப்பாக்க முடியாதபடி காக்கிறது. ஆகவே பாதிக்கப்பட்டவர், பெயர் தெரியாத ஒருவர் மேல் வழக்குப் போட்டு, நீதிமன்ற ஆணை வாங்கி, தளத்திடம் கணக்கு விவரம் கேட்டு, அங்கிருந்து இணைய இணைப்பு தந்த நிறுவனத்திடம் போய், கடைசியில் ஒரு பெயரைப் பெற வேண்டும். அவன் வேறு மாநிலத்தில் இருந்தால் எந்த மாநிலச் சட்டம் என்ற சண்டை தனி. அதற்குள் பதிவு ஆயிரம் இடத்தில் நகலாகியிருக்கும்.

அதனால்தான் என் கண் தகவல் விற்கும் கடைக்காரர்கள் பக்கமே போகிறது. வெர்மான்ட் 2018-இல், தகவல் வியாபாரிகள் மாநிலத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் போட்ட முதல் மாநிலமானது. கலிபோர்னியா 2023-இல் இயற்றிய நீக்கல் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: மாநில மக்கள் ஒரே விண்ணப்பத்தில், பதிவு செய்த எல்லா வியாபாரிகளிடமும் தங்கள் விவரங்களை அழிக்கச் சொல்லலாம். பதவி வேண்டாம், காரணம் வேண்டாம், நோக்கத்தை நிரூபிக்க வேண்டாம். சட்டப்படி விண்ணப்பங்களுக்கான அரசுத் தளம் 2026 ஜனவரியில் திறந்தது. 2026 ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு வியாபாரியும் 45 நாளுக்கு ஒரு முறை அதைப் பார்த்து, கேட்டவர்களின் விவரங்களை நீக்கியாக வேண்டும். அரசுப் பதிவுகளிலிருந்து வந்த விவரங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. வாக்காளர் பதிவும் வாகனப் பதிவும் அந்த விலக்கில் வரும். வீட்டுப் பத்திரம் கவுண்டி அலுவலகத்தில் அப்படியே இருக்கும்.